வாயைத் திறக்கச் சொல்லாத டாக்டர்

நான் அவரிடம் நர்ஸாக இருந்த காலம் முழுவதும், அவர் ஒரு நோயாளியைக்கூட வாயைத் திறக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் முக வலிக்கென்றே பேர் வாங்கிய டாக்டர். பல், நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் முகத்துக்குள்தானே இருக்கின்றன? அவருக்கு முகம் தோலோடு முடிந்துவிடும்.

ஷார்ஜாவில் ஒரு பாலிகிளினிக். கீழே பல் டாக்டர், நடுமாடியில் காது மூக்கு தொண்டை, அதற்கு மேல் மாடியில் எங்கள் வலி வைத்தியப் பிரிவு. நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. அஜ்மானில் வேறு நர்ஸ்களோடு ஒரு ஃப்ளாட்டைப் பங்கு போட்டுத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனேன். அவர் சென்னைக்காரர். ஒரே பாஷை என்பதால் ஊசி போடும் அறையில் பக்கத்தில் நிற்க என்னைத்தான் கூப்பிடுவார்.

கெட்டவர் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். குரலை உயர்த்திப் பேசியதில்லை. தீபாவளிக்கு வாட்ச்மேன் வரைக்கும் ஸ்வீட் கொடுப்பார். கையும் நல்ல கை. கன்னத்தெலும்புக்குக் கீழே நீள ஊசியை இறக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நரம்பின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். மருந்து போனதும் அந்த நரம்பு மரத்துவிடும், வலி நின்றுவிடும். இதற்கு பிளாக் என்று பெயர். வருஷக்கணக்காக ஒரு பக்க முகத்தில் காற்றுப் பட்டாலே துடித்தவர்கள், மேசையை விட்டு எழுந்து தங்கள் கன்னத்தைத் தாங்களே தடவிப் பார்த்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஃபுஜைராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

ஆனால் வாய் என்றால் அவருக்கு ஆகாது. எச்சில் ஆகாது. மூச்சு ஆகாது. மதியச் சாப்பாட்டைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஸ்பூனால் சாப்பிடுவார். தோசைக்கும் ஸ்பூன்தான். நாங்கள் பேன்ட்ரியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசலோடு நின்று சுவரிடம் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போவார். ஒருநாள் ரிசப்ஷனில் இருந்த பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்திருந்தாள். அது வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்த விரல்களை எடுத்து அவர் கன்னத்தில் வைத்துவிட்டது. சிரித்தார். "சோ க்யூட்" என்றார். பிறகு வாஷ்ரூமுக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. வெளியே வந்தபோது அந்தக் கன்னம் மட்டும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது.

அவருடைய அப்பா விசிட் விசாவில் வந்திருந்தார். பல்செட் உரசி ஈறில் புண். கிளினிக்குக்கே வந்து மகனுக்கு எதிரில் உட்கார்ந்து, "டேய், இங்க கொஞ்சம் என்னன்னு பாருடா" என்று உதட்டை விரலால் விலக்கினார். மகன் அந்த நேரம் பார்த்துக் கைபேசியை எடுத்துக்கொண்டார்.

"அப்பா, கீழ டென்டிஸ்ட் இருக்கார். சிஸ்டர் கூட்டிட்டுப் போவாங்க."

லிஃப்டில் பெரியவர் என்னிடம், "சின்ன வயசுலயே இப்படித்தாம்மா. நான் சாப்பிட்ட தட்டைத் தாண்டிக்கூடப் போக மாட்டான். டாக்டருக்குப் படிச்சா சரியாயிடும்னு நெனச்சோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

டாக்டர் ஊத் என்கிற அகில் அத்தர் பூசிக்கொள்வார். தொழிலாளர் கேம்பிலிருந்து நோயாளிகள் வரும் நாளில் முகக்கவசத்துக்குள்ளும் ஒரு சொட்டு. நான் இப்போது தோஹாவில், நஜ்மா பகுதியில் இருக்கிறேன். தெருவுக்கு நாலு அத்தர் கடை. அந்த வாசனை வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறேன். எல்லோருக்கும் பிடித்த வாசனை. எனக்கு மட்டும் குமட்டுகிறது.

"எனக்கு ஏழை, பணக்காரன்லாம் கிடையாது சிஸ்டர். யார் வாயா இருந்தாலும் ஒண்ணுதான்" என்பார். அது உண்மை இல்லை. பணக்காரர்களிடம் முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவரால் முடிந்தது. கேம்ப் ஆட்கள் எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், காலால் தரையை உந்தி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்துவார். அதற்குச் சக்கரம் உண்டு. அவர்கள் இன்னும் கொஞ்சம் பேசினால் இன்னும் கொஞ்சம் நகர்வார். முதுகு சுவரில் இடித்ததும் கன்சல்டேஷன் முடிந்துவிடும்.

சின்னராசு அப்படித்தான் வந்தார். அறந்தாங்கிப் பக்கம். கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. வலது கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க வலி?" என்றார் டாக்டர்.

"இங்கன கன்னத்துல சார். காது வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி வெட்டுது. அப்பறம் எச்சி முழுங்கயில..." என்று சின்னராசு வாயைத் திறந்து உள்ளே விரலைக் காட்டப் போனார்.

புகையிலை போடுகிற வாய். நாற்றம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். டாக்டர் முகத்தை முழுசாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நாற்காலி பின்னால் போனது. கண்ணை மூடி ஒரு தரம் விழுங்கிக்கொண்டார். சின்னராசுவின் விரல் வாய்க்கு வெளியே அப்படியே நின்றது. பிறகு கை இறங்கியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஓகே, ஓகே. கன்னம், காது. கரண்ட் மாதிரி. வேற ஒண்ணும் இல்லையே?"

சின்னராசு இல்லை என்று தலையாட்டினார்.

முதலில் கொடுத்த மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. கன்னத்து நரம்புக்கு பிளாக் போட்டார். எப்போதும்போல அழகாகப் போட்டார். ஆனால் எழுந்து உட்கார்ந்த சின்னராசு, "தாடையும் நாடியும் மரத்துச் செத்துப்போச்சு சார். வலி அப்படியே இருக்கு" என்றார். அடுத்த தடவை வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். சாப்பிட முடியவில்லை, கண் குழிவிழுந்திருந்தது. சைட்டில் உயரத்தில் நிற்கும்போது வலி வெட்டித் தடுமாறியிருக்கிறார். இனி மேலே ஏறவேண்டாம், சரியாகவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப இது தொண்டை நரம்பா இருக்கும்" என்றார் டாக்டர் என்னிடம். தொண்டை நரம்பு என்று அவர் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டும் தொண்டையைப் பார்க்கவில்லை. அந்த நரம்பை மரக்க வைக்க வாய் வழியாகவும் ஒரு முறை உண்டு. "அதெல்லாம் காட்டுமிராண்டித்தனம்" என்று கழுத்து வழியாகப் போனார்.

காது மடலுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால் ஊசியை இறக்கினார். எலும்பில் தட்டியது. "இவ்ளோ சீக்கிரமா?" என்று முணுமுணுத்தார். ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சாய்த்து, மறுபடி இறக்கினார். மறுபடி எலும்பு. இன்னும் சாய்த்தார். பிறகு மருந்தைச் செலுத்தினார்.

சின்னராசு இருமினார். நிற்காமல் இருமினார். மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. "யக்கா" என்று என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. குரல் இல்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. அது வாயோரம் வழிந்து கழுத்து, தலையணை எல்லாம் நனைத்தது. உள்ளே நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆள் போய்விடுவார். அவரை ஒருக்களித்துத் திருப்பி, வாய்க்குள் குழாயை விட்டு எச்சிலை உறிஞ்சி எடுத்துக்கொண்டே, "டாக்டர், தாடையைப் பிடிங்க!" என்று கத்தினேன்.

பக்கத்தில் சத்தம் இல்லை. திரும்பினேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையில் எச்சில் தெறித்திருந்தது. அந்தக் கையை உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்ளீன் பண்ணுங்க சிஸ்டர். முதல்ல அதைக் க்ளீன் பண்ணுங்க" என்று மறு கையால் தலைமாட்டைக் காட்டினார்.

மேசைமேல் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன 'அது' தலையணை.

கூப்பிட்டதும் ஓடிவந்த மயக்க மருந்து டாக்டரும் நானும்தான் சின்னராசுவைப் பார்த்துக்கொண்டோம். மெல்ல மெல்ல நாடித்துடிப்பு இறங்கியது. மருந்து தேயத் தேய விழுங்க முடிந்தது. எங்கள் டாக்டர் அதற்குள் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். "மருந்து இருந்தப்ப வலி இருந்துச்சா?" என்று தள்ளி நின்று கேட்டார். சின்னராசு இல்லை என்று கையாட்டினார்.

"பாத்தீங்களா சிஸ்டர், கரெக்ட் நரம்புதான். நெக்ஸ்ட் டைம் அதைச் சுட்டே விட்டுடலாம். பர்மனன்ட்."

சுடுவது என்றால் ஊசி முனையின் சூட்டால் நரம்பைக் கருக்குவது. மருந்து போன இடத்தில் சூடு போனால் சின்னராசுவின் குரல் திரும்பி வரவே வராமல் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு தடங்கல் இருந்தது. மறுநாளும் குரல் கரகரவென்றே இருந்ததால், குரல்வளை நன்றாக இருக்கிறது என்று நடுமாடி காது மூக்கு தொண்டைப் பிரிவில் எழுதி வாங்கிவரச் சொன்னார். வாய்க்குள் பார்க்கிற வேலை ஆயிற்றே. அதற்குத்தான் வேறு ஆள் இருக்கிறார்களே.

அங்கே இருந்தது ஒரு சூடான் நாட்டு லேடி டாக்டர். பருத்த உடம்பு, பருத்த குரல். நாங்கள் போனபோது பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொட்டையைத் துப்பிவிட்டுக் கையைக் கழுவி கையுறை மாட்டினார். "யல்லா, மூ கோலோ" என்றார், வாயைத் திற என்று, அவருக்குத் தெரிந்த இந்தியில்.

சின்னராசு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்து, "யக்கா, காலையில இருந்து நாலு தரம் பல்லு வெளக்கிட்டேன். இருந்தும் வாடை போவல. அவுகளைக் கொஞ்சம் தள்ளி இருந்துக்கிறச் சொல்லு" என்றார், பாதிக் காற்றாக.

நான் சொன்னேன். அந்த அம்மா சிரித்து, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். வாய் திறந்தது. விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, டான்சில் இருக்கும் குழியில் அழுத்தினார்.

சின்னராசு அலறிவிட்டார். குமட்டிக்கொண்டு வந்தது, கையுறை மேலேயே கொஞ்சம் வாந்தி. ஆனால் கை மட்டும் காதைக் காட்டிக்கொண்டிருந்தது. இதுதான், இதுதான், இங்கேதான் வெட்டுகிறது என்று கண்ணில் நீர் ஒழுகக் காட்டினார்.

"கலாஸ்" என்றார் அந்த அம்மா, முடிந்தது என்பதுபோல். குற்றவாளியைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி இருந்தது முகம். "எலும்பு. என் விரல் நுனியில் இருக்கிறது." வாந்தியோடு இருந்த கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னை உட்காரவைத்து, என் கழுத்திலேயே தொட்டுக் காட்டினார்.

காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து தடித்த ஊசி மாதிரி ஓர் எலும்பு இறங்குகிறது. எல்லோருக்கும் உண்டு, சின்னதாக இருக்கும். சிலருக்கு அது நீண்டு வளர்ந்து, தொண்டைச் சுவர் வரை வந்து குத்தும். விழுங்கினால், கொட்டாவி விட்டால், தலையைத் திருப்பினால் பக்கத்தில் ஓடும் நரம்பை உரசும். வலி தொண்டையில் கிளம்பிக் காதிலும் தாடையிலும் வெட்டும். கழுத்து வழியாக பிளாக் போடுகிறவர்களுக்கு அந்த எலும்புதான் அடையாளக் கல். ஊசி அதில் தட்டியதும் பின்பக்கமாக வழுக்கிப் போனால் நரம்பு கிடைக்கும். "அடையாளக் கல்லே இடம் மாறியிருந்தால் ஊசி எங்கே போகும்? அங்கே பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. குரலுக்கும் இதயத்துக்கும் போகும் நரம்பு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பாவி, குருடன் மாதிரி உள்ளே போயிருக்கிறான்" என்றார். ஒரு விரல் வைத்துப் பார்த்திருந்தால், ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் ஊசியையே தொட்டிருக்கவேண்டாம்.

பிறகு சின்னராசுவைப் பார்த்து, விழுங்கும்போது வலிக்கிறது என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

சின்னராசு உள்ளங்கையை மறுபடி வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

"மொத நாளு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அவுகளுக்கு என்னையப் பாத்துக் கொமட்டுச்சுக்கா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வாயைப் பத்திப் பேசினாத்தானே தொறக்கணும்? அதான் கன்னத்தை மட்டும் சொன்னேன்."

 

ஸ்கேனில் அந்த எலும்பு சுண்டுவிரல் நீளத்துக்குத் தெரிந்தது. அந்த அம்மா கம்பெனிக்காரர்களிடம் போனில் அரபியில் சண்டை போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். வாய் வழியாகத்தான் எலும்பை வெட்டி எடுத்தார்கள். சின்னராசு லீவில் ஊருக்குப் போய்விட்டு, திரும்பி வந்து சாரத்தில் ஏறினார். ஃபோனில் பேசும்போது குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

எங்கள் டாக்டரிடம் எலும்பு விஷயத்தை நான்தான் சொன்னேன். "ரேர் வேரியேஷன். யாரா இருந்தாலும் மிஸ் பண்ணுவாங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஸ்கேன் படம் கிடைக்குமா? நல்ல கேஸ்" என்றார். கண் பளபளத்தது.

அந்த நல்ல கேஸ் துபாயில் ஒரு ஹோட்டலில், டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் மேடையேறியது. கிளினிக்கிலிருந்து என்னையும் அழைத்துப்போயிருந்தார். பெரிய திரையில் சின்னராசுவின் மண்டையோடு சுழன்றது. அந்த எலும்பை மட்டும் சிவப்பாக்கியிருந்தார். கழுத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் ஊசி எடுக்கக்கூடாது என்று இங்கிலீஷில் அழகாகப் பேசினார். வலி தொண்டையில் இருப்பதை நோயாளி கடைசி வரை சொல்லவில்லை, இந்த மாதிரித் தொழிலாளிகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லத் தெரியாது, நாம்தான் கேட்டு வாங்கவேண்டும் என்றார்.

வயசான ஒரு டாக்டர் எழுந்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நிச்சயமாக. அதிலிருந்துதான் எனக்குச் சந்தேகமே வந்தது" என்றார் இவர். ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். "நம் தொழிலில் நோயாளியைத் தொட அருவருப்புப் படக்கூடாது."

கைதட்டினார்கள். மதிய பஃபேயில் ஒரு தட்டைக்கூட நான் எடுக்கவில்லை.

திரும்பும்போது அஜ்மானில் விடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டார். ஷார்ஜா எல்லையில் டிராஃபிக் நகரவே இல்லை. அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"எப்படி சிஸ்டர் இருந்துச்சு?"

"நீங்க விரல் வைக்கலையே டாக்டர்."

சிரித்தார். "மேடைல அப்படித்தான் சொல்லணும். அவங்க கேக்கறதே நாம அப்படிச் சொல்லத்தான்."

"சின்னராசுவுக்குச் சொல்லத் தெரியாம இல்ல. வாயைத் திறந்ததும் நீங்க மூஞ்சியத் திருப்பினீங்க. அதைப் பாத்துத்தான் சொல்லல. அவரே என்கிட்ட சொன்னார்."

சிரிப்பு நின்றது. முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

"எனக்கு அது சின்ன வயசுலேர்ந்து இருக்கு சிஸ்டர். நான் என்ன பண்ண முடியும்? நீங்க எச்சில், சளி, வாந்தி எல்லாத்தையும் தொடறீங்க. நெஜமா கேக்கறேன், உங்களுக்கு அருவருப்பே வராதா?"

"வரும் டாக்டர். இப்பக்கூட வருது."

"இப்பவா?" என்று திடுக்கிட்டார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு, வெளியே அவ்வளவு வெயிலிலும், என் பக்கத்துக் கண்ணாடியை அவசரமாக இறக்கிவிட்டார்.